சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்: லேபிளைப் படிப்பது முதல் பாட்டில் தீர்வது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கிள் மால்ட்டை ரசித்துக் குடிக்கவும் காசை வீணாக்காமல் வாங்கவும் நினைப்பவர்களுக்காக இந்தப் பக்கம். போதைதான் நோக்கம் என்றால் அதற்கு இதைவிட மலிவான வழிகள் எத்தனையோ இருக்கின்றன.

சிங்கிள் மால்ட் என்றால் ஒரே பீப்பாயிலிருந்து எடுத்ததா?

இல்லை. 'சிங்கிள்' என்ற சொல் பீப்பாயைச் சொல்லவில்லை, வடிசாலையைச் சொல்கிறது. ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லி (இதுதான் மால்ட்), தண்ணீர், ஈஸ்ட் மூன்றை மட்டும் வைத்து, பாட் ஸ்டில் எனப்படும் வாலையில் தொகுதி தொகுதியாக வடித்த விஸ்கி அது. அந்த வடிசாலையின் நூறு பீப்பாய்களை ஒரே தொட்டியில் கொட்டிக் கலந்தாலும் அது சிங்கிள் மால்ட்தான். கடையில் எப்போதும் கிடைக்கும் 10 வருட, 12 வருட பாட்டில்கள் அப்படிக் கலந்தவையே. இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சுவையாக இருக்கும்.

2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குவிதிகள் மற்றதையும் கறாராகச் சொல்லிவிடுகின்றன. 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே, குறைந்தது 3 ஆண்டுகள் இருக்க வேண்டும். பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீரும் நிறத்துக்கான கேரமலும் தவிர வேறு எதையும் சேர்க்கக் கூடாது. 2012 நவம்பர் முதல் சிங்கிள் மால்ட்டைப் பாட்டிலில் அடைப்பதும் ஸ்காட்லாந்துக்குள்ளேயே நடக்க வேண்டும்.

ஒரே பீப்பாய்ச் சரக்கு என்றால் லேபிளில் 'சிங்கிள் காஸ்க்' என்று இருக்கும். பீப்பாய் எண்ணும் எத்தனை பாட்டில் வந்தன என்ற கணக்கும் கூடவே இருக்கும். அந்தக் கணக்கைச் சரிபார்ப்பது சுலபம். பீப்பாய் வகைகளில் பர்பன் (அமெரிக்க விஸ்கி) பேரல் சுமார் 200 லிட்டர், ஹாக்ஸ்ஹெட் 250, ஷெர்ரி (ஸ்பானிய ஒயின்) பட் 500. தண்ணீர் சேர்க்காமல், அதாவது 'காஸ்க் ஸ்ட்ரெங்த்' வலிமையில் அடைத்தால், 200 லிட்டர் பேரலில் ஒரு சொட்டு ஆவியாகாவிட்டாலும் 70 சென்டிலிட்டர் பாட்டில் 285க்கு மேல் தேறாது. 'ஒரே பர்பன் பேரல், காஸ்க் ஸ்ட்ரெங்த், 400 பாட்டில்' என்று ஒரு லேபிள் சொன்னால் எங்கோ கணக்கு உதைக்கிறது.

பிளெண்டட் மால்ட் என்று போட்டிருந்தால் மட்டமா?

மட்டமில்லை, வேறு வகை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வடிசாலைகளின் சிங்கிள் மால்ட்களைக் கலந்தால் பிளெண்டட் மால்ட். அதில் மற்ற தானியங்களிலிருந்து வடிக்கும் கிரெயின் விஸ்கியும் சேர்ந்தால் பிளெண்டட் ஸ்காட்ச். உலகில் விற்கும் ஸ்காட்ச்சில் பெரும்பகுதி கடைசியாகச் சொன்னதுதான்.

இந்தப் பெயர்களில் சட்டம் இவ்வளவு பிடிவாதம் பிடிக்க ஒரு காரணம் உண்டு. 2003இல் கார்டூ சிங்கிள் மால்ட்டுக்குத் தேவை பெருகி, சரக்குத் தட்டுப்பாடு வந்தது. உரிமையாளரான டியாஜியோ மற்ற வடிசாலைகளின் மால்ட்டையும் கலந்து, ஏறக்குறைய அதே பாட்டிலில் 'கார்டூ ப்யூர் மால்ட்' என்று இறக்கியது. போட்டி நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. அடுத்த ஆண்டே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இப்போது 'ப்யூர் மால்ட்' என்ற சொல்லையே ஸ்காட்ச் லேபிளில் போட முடியாது.

பிளெண்டட் மால்ட்டில் ஒரு விளையாட்டும் உண்டு. தன் பெயரில் பிறர் சிங்கிள் மால்ட் விற்கக் கூடாது என்று நினைக்கும் வடிசாலை, வெளியே விற்கும் பீப்பாயில் வேறொரு மால்ட்டைத் துளியளவு கலந்துவிடும். 'டீஸ்பூன் மால்ட்' என்று பெயர். பால்வெனியில் க்ளென்ஃபிடிக் ஒரு துளி சேர்ந்தால் 'பர்ன்சைடு', க்ளென்ஃபிடிக்கில் பால்வெனி சேர்ந்தால் 'வார்ட்ஹெட்'. லேபிளில் பிளெண்டட் மால்ட் என்றுதான் இருக்கும். உள்ளே இருப்பது நடைமுறையில் ஒரே வடிசாலைச் சரக்கு. விவரம் தெரிந்தவர்கள் தேடிப்பிடித்து வாங்குவார்கள்.

மூன்றே பொருள்தானே, பிறகு எப்படி இத்தனை சுவை?

பார்லியை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்துச் சர்க்கரையைப் பிரித்தெடுக்கிறார்கள். முதல் தண்ணீரின் சூடு 63, 64 டிகிரி செல்சியஸ். இதைவிட அதிகமானால் மாவை சர்க்கரையாக்கும் நொதிகள் செத்துப்போகும். பிறகு ஈஸ்ட் சேர்த்து 48 மணி நேரத்திலிருந்து 100 மணி நேரத்துக்கும் மேலாகப் புளிக்கவைக்கிறார்கள். இந்த மணிக்கணக்கு முக்கியம். 48 மணியில் ஈஸ்ட் தன் வேலையை முடித்துவிடும். அதற்கு மேல் விட்டால் லாக்டிக் பாக்டீரியா வேலையைத் தொடங்கும். பழ வாசனை கூடுவது அப்போதுதான். அவசரத்தில் முடித்த சரக்கில் கடலை, தானிய வாடை முன்னே நிற்கும்.

புளித்த கஷாயத்தில் ஆல்கஹால் 8, 9 சதவீதம். முதல் வாலையில் இது 20 சொச்சமாகிறது, இரண்டாம் வாலையில் 70ஐத் தொடுகிறது. இரண்டாம் வாலையில் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் பீப்பாய்க்கு எடுத்துக்கொள்கிறார்கள். எங்கே வெட்டுகிறார்கள் என்பதில்தான் ஒரு வடிசாலையின் குணம் பாதி அடங்கியிருக்கிறது. சீக்கிரம் நிறுத்தினால் பூ, பழம். தாமதித்தால் எண்ணெய்ப்பசை, தோல், புகை.

வாலை செம்பால் ஆனது. ஆவி செம்பை எவ்வளவு நேரம் தொடுகிறதோ அவ்வளவுக்குக் கந்தகம் நீங்கும். க்ளென்மோரஞ்சியின் வாலைக் கழுத்து 5 மீட்டருக்கு மேல் உயரம். அதனால் சரக்கு மென்மை. மார்ட்லாக், க்ரெய்கெலக்கி போன்ற இடங்களில் ஆவியைக் குளிரவைப்பது நீர்த்தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் செப்புக்குழாய். அதில் செம்பின் தொடர்பு குறைவு, எனவே இறைச்சிச் சாறு போன்ற கனம் நாக்கில் நிற்கும். ஆக்கன்டோஷனில் மூன்று முறை வடிக்கிறார்கள், இன்னும் லேசாக வரும்.

இத்தனையும் முடிந்து வெளிவருவது தண்ணீர் போலத் தெளிவான சரக்கு. வழக்கமாக 63.5 சதவீதத்துக்கு இறக்கிப் பீப்பாயில் ஊற்றுகிறார்கள். நிறம் முழுவதும், சுவையில் பெரும்பங்கு அதற்குப் பிறகு மரத்திலிருந்து வருபவை. அமெரிக்கச் சட்டப்படி பர்பன் விஸ்கியைக் கரியூட்டிய புது ஓக் கொள்கலத்தில்தான் வைக்க வேண்டும். அங்கே பயன்பட்ட பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன. அவை தருவது வனிலா, தேங்காய், தேன். ஷெர்ரி பீப்பாய் உலர்திராட்சை, அத்தி, கிராம்பு வாசனை தரும். 'ஃபர்ஸ்ட் ஃபில்' என்றால் அந்தப் பீப்பாயில் ஊற்றும் முதல் ஸ்காட்ச். மரம் அழுத்தமாகப் பேசும். 'ரீஃபில்' என்றால் ஏற்கெனவே ஒருமுறையாவது ஸ்காட்ச் இருந்தது; மரம் அடங்கி, வடிசாலையின் சொந்தக் குணம் தெரியும்.

18 வருடச் சரக்கு 12ஐவிட நல்லதுதானே?

விலை அதிகம், அது மட்டும் உறுதி. லேபிளில் உள்ள வயது, கலந்தவற்றில் மிக இளையதன் வயது. 30 வருடச் சரக்கு நிறைய ஊற்றி, 5 வருடத்தது ஒரு டம்ளர் சேர்த்தாலும் லேபிளில் 5 என்றுதான் போட வேண்டும். முழு விகிதத்தையும் வெளியிடுவதற்குக்கூட விதி இடம் கொடுப்பதில்லை. 2015இல் காம்பஸ் பாக்ஸ் நிறுவனம் தன் இரண்டு கலவைகளில் எந்த வயதுச் சரக்கு எவ்வளவு என்று வெளிப்படையாக எழுதியது. அது விதிமீறல் என்று சொல்லப்பட்டு, எழுதியதை எடுக்க நேர்ந்தது. உண்மையைச் சொன்னதற்குக் கண்டனம் வாங்கிய விநோதம்.

ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகிறது. 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். வயதான சரக்கின் விலையில் இந்த இழப்பும் கிடங்கு வாடகையும் அடங்கியிருக்கின்றன. சுவை மட்டும் அதே கோட்டில் ஏறிக்கொண்டே போவதில்லை. சுறுசுறுப்பான ஃபர்ஸ்ட் ஃபில் ஷெர்ரி பீப்பாயில் 25 வருடம் கிடந்தால் மரக்கசப்பும் துவர்ப்பும் மற்றதையெல்லாம் மூடிவிடக்கூடும். களைத்துப்போன பீப்பாயில் 20 வருடம் கிடந்தாலும் வெளிறியே இருக்கும். புகை பிடித்த மால்ட்களில் வயது ஏற ஏறப் புகை தணியும். காட்டமான புகைதான் வேண்டும் என்பவருக்கு 8, 10 வருடமே சரியான வயது.

வயதே போடாத பாட்டில்கள் உண்டு. வயது இல்லை என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். அபர்லோர் அபூனா வயதில்லாத சரக்குதான், ஷெர்ரி பிரியர்கள் விடாமல் வாங்குகிறார்கள். ஆனால் வயதும் இல்லை, 40 சதவீதம், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ஒரு கம்பீரப் பெயர், கனத்த மரப்பெட்டி: இந்த நான்கும் சேர்ந்து வந்தால் அலமாரியிலேயே விட்டுவிடுவது நல்லது.

லேபிளில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் ஆல்கஹால் சதவீதம். 40, 43, 46, அதற்கு மேல் காஸ்க் ஸ்ட்ரெங்த் என்று படிகள். 46ஐத் தேடச் சொல்வது வெறும் போதைக் கணக்கு இல்லை. விஸ்கியில் கரைந்திருக்கும் கொழுப்பு அமில எஸ்டர்கள் 46 சதவீதத்துக்குக் கீழே, குளிர்ந்தால் பிரிந்து கலங்கலாகத் தெரியும். கலங்கலைப் பார்த்து வாங்குபவர் முகம் சுளிக்கக் கூடாது என்று, சரக்கைப் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் குளிரவைத்து வடிகட்டுகிறார்கள். இதுதான் சில் ஃபில்ட்ரேஷன். கலங்கலோடு நாக்கில் படியும் கனமும் கொஞ்சம் போய்விடுகிறது. 46இலும் அதற்கு மேலும் அடைத்தால் இந்தத் தொல்லை குறைவு; பலர் வடிகட்டாமலே விடுகிறார்கள், அதை லேபிளில் பெருமையாகப் போட்டுக்கொள்வார்கள். வடிகட்டாத விஸ்கியில் ஐஸ் போட்டால் பனி மூட்டம்போலக் கலங்கும். கெட்டுப்போகவில்லை, சூடு ஏறினால் தெளிந்துவிடும்.

அடுத்தது நிறம். ஈ150ஏ என்ற கேரமல் நிறமியை ஸ்காட்ச் விதிகள் அனுமதிக்கின்றன, சேர்த்ததைப் பிரிட்டிஷ் லேபிளில் யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. ஜெர்மனிக்குப் போகும் பாட்டில்களில் நிறமி இருந்தால் சொல்லியாக வேண்டும். 'மிட் ஃபார்ப்ஸ்டாஃப்' என்று இருக்கும். ஒரு பாட்டிலில் நிறம் சேர்த்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, அதே சரக்கின் ஜெர்மன் லேபிள் படத்தைத் தேடிப் பார்ப்பது ஆர்வலர்களிடையே பழைய தந்திரம். நிறத்தை வைத்து வயதையோ தரத்தையோ ஊகிக்க வேண்டாம் என்பதற்கு இதுவே போதும்.

விலையை ஒப்பிடும்போதும் சதவீதத்தைக் கணக்கில் கொள்ளுங்கள். 70 சென்டிலிட்டர் பாட்டில் 40 சதவீதம் என்றால் உள்ளே 280 மி.லி. ஆல்கஹால். 58 சதவீதம் என்றால் 406. அதாவது காஸ்க் ஸ்ட்ரெங்த் பாட்டில் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவான விலையில் கிடைத்தால் இரண்டும் ஒரே விலைதான். தண்ணீர் நீங்கள் ஊற்றிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். விமான நிலையக் கடைகளில் 1 லிட்டர் பாட்டில்கள் அதிகம். அந்த விலையை 0.7ஆல் பெருக்கிவிட்டு ஒப்பிடாவிட்டால் மலிவும் தெரியாது, ஏமாற்றும் தெரியாது.

ஐலா என்றால் புகை, ஸ்பேசைடு என்றால் பழம், சரிதானே?

பாதி சரி. ஸ்காட்ச் தயாராகும் வட்டாரங்களாகச் சட்டம் ஏற்கும் பெயர்கள் ஐந்து: ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைடு, ஐலா, கேம்பல்டவுன். ஸ்கை, ஆர்க்னி, மல் போன்ற தீவுகள் சட்டப்படி ஹைலேண்டுக்குள் அடக்கம். ஆனால் ஐலாவிலேயே இருக்கும் புன்னஹாவனின் 12 வருடத்தில் புகை இல்லை. ப்ரூக்லாடியின் அடிப்படைச் சரக்கிலும் இல்லை. ஸ்பேசைடில் பென்ரோமாக் லேசாகப் புகைகிறது. ஊர்ப்பெயர் அஞ்சல் முகவரி மாதிரி. வீட்டுக்குள் என்ன சமையல் என்று அது சொல்லாது.

பிபிஎம் அதிகமென்றால் புகை அதிகமா?

பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிப் படிந்த செடிகொடிக் கட்டி. பார்லியை உலர்த்தும்போது இதை எரித்தால் புகையிலுள்ள ஃபீனால்கள் உமியில் ஒட்டிக்கொள்கின்றன. பிபிஎம் என்பது அந்த ஃபீனாலின் அளவு, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று. ஹைலேண்ட் பார்க் 20ஐ ஒட்டி, லகவூலின் 35ஐ ஒட்டி, ஆர்ட்பெக் 55ஐ ஒட்டி.

இந்த எண் முளைகட்டிய பார்லியில் அளந்தது. பாட்டிலில் அளந்தது இல்லை. லகவூலினும் குல் ஈலாவும் ஏறக்குறைய ஒரே அளவு புகையூட்டிய மால்ட்டை, ஐலாவின் போர்ட் எலன் மால்ட் ஆலையிலிருந்து வாங்குகின்றன. ஆனாலும் குல் ஈலா மெலிந்த, கடற்காற்று போன்ற புகை. லகவூலின் அடர்ந்த, அடுப்படிப் புகை. வாலையின் வடிவம், எவ்வளவு நிரப்புகிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள் ஆகியவை வேறு. ஃபீனால்கள் வடிப்பின் கடைசியில்தான் அதிகம் வரும் என்பதால் தாமதமாக வெட்டினால் புகை ஏறும்.

லஃப்ராய்க்கை முதல்முறை முகர்பவர்கள் ஆஸ்பத்திரி வராந்தா, டிங்க்சர், புதுக் கட்டுத்துணி என்று பின்வாங்குவது வழக்கம். சிலருக்கு நாலாவது முறையில் பிடித்துப்போகும், சிலருக்கு எப்போதும் பிடிக்காது. பிடிக்காவிட்டால் குறை ஒன்றுமில்லை.

முதலில் எந்த பாட்டில் வாங்குவது?

ஒன்றே ஒன்று என்றால் உங்கள் ருசி எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது. மூன்று திசையில் மூன்று வாங்கி, அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது சிறந்தது. பர்பன் பீப்பாய் பக்கத்துக்கு டீன்ஸ்டன் 12 அல்லது க்ளென்காடம் 10, இரண்டும் 46ஐ ஒட்டிய வலிமை. ஷெர்ரி பக்கத்துக்கு க்ளென்ட்ரோனக் 12. புகைக்கு குல் ஈலா 12. அதற்கு மேல் துணிச்சல் இருந்தால் ஆர்ட்பெக் 10. மூன்றும் கட்டுப்படியாகாது என்றால் மூன்று நண்பர்கள் ஆளுக்கொரு பாட்டில் வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம். 10 சென்டிலிட்டர் கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றினால் ஒரு பாட்டில் ஏழு பங்கு. பிளாஸ்டிக் புட்டி வேண்டாம், சில வாரங்களில் வாடை ஏறிவிடும். க்ளென்ஃபிடிக் 12, க்ளென்லிவெட் 12 இரண்டும் பழுதில்லாத சரக்கு, எங்கும் கிடைக்கும். ஆனால் 40 சதவீதத்தில் எல்லாம் மெத்தென்று இருப்பதால் வித்தியாசம் கற்றுக்கொள்ள அவ்வளவாக உதவாது.

எப்படிக் குடித்தால் சுவை தெரியும்?

அடி உப்பி, வாய் குறுகிய கண்ணாடிக் குவளை தேவை. 2001இல் வந்த க்ளென்கெர்ன் குவளை இப்போது எங்கும் பழகிவிட்டது. சின்ன ஒயின் குவளையும் போதும். அகன்ற வாயுள்ள கட்டை டம்ளரில் வாசனை நிற்காது. குவளையை வாசனை சோப்பில் கழுவாமல் வெந்நீரில் மட்டும் கழுவுங்கள். மூடிய அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்தால் மர வாடையையும் பிடித்துக்கொள்ளும், எடுத்ததும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

15 முதல் 20 மி.லி. ஊற்றி 10 நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு குவளையை மோவாய் அளவில் பிடித்து, மெல்ல மூக்கருகே கொண்டுவாருங்கள். வாய் லேசாகத் திறந்திருக்கட்டும். மூடிக்கொண்டு இழுத்தால் ஆல்கஹால் நெடி மூக்கைக் குத்தி, பத்து நிமிடத்துக்கு வேறொன்றும் தெரியாது. ஒயினைச் சுழற்றுவது போல வேகமாகச் சுழற்றினாலும் இதேதான் நடக்கும். இரண்டு நாசியிலும் மாற்றி மாற்றி முகருங்கள், ஒன்றில் தெரியாதது இன்னொன்றில் தெரியும்.

முதல் மிடறு வெறும் அறிமுகம், நாக்கு சுதாரித்துக்கொள்ளும். இரண்டாவது மிடறை விழுங்காமல் பத்து வினாடி நாக்கில் புரட்டுங்கள். விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். மிளகு, தேன், கரி, உப்பு என்று ஒவ்வொன்றாக வருவது அப்போதுதான்.

பல சரக்கு ஒரே அமர்வில் என்றால் புகையில்லாததிலிருந்து புகைக்கு, வலிமை குறைந்ததிலிருந்து கூடியதற்கு. நான்குக்கு மேல் போனால் நாக்கு பொய் சொல்லும்.

ராவாகக் குடிப்பதுதான் முறையா? தண்ணீர் சேர்த்தால் கெடுமா?

ராவாகக் குடிப்பது வீரம், முறை என்று சட்டம் எதுவும் இல்லை. கலவை செய்பவர்கள் ஆல்கஹால் 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை சரக்கில் தண்ணீர் ஊற்றித்தான் முகர்ந்து சோதிக்கிறார்கள். காட்டம் இறங்கியதும் அடியிலிருந்த வாசனைகள் மேலே வருகின்றன. கணக்கு எளிது: சரக்கின் அளவைச் சதவீதத்தால் பெருக்கி, வேண்டிய சதவீதத்தால் வகுத்து, பழைய அளவைக் கழித்தால் மிச்சம் தண்ணீர்.

60 சதவீதச் சரக்கு 30 மி.லி. எடுத்துக்கொள்ளுங்கள். 50க்கு இறக்க 6 மி.லி., 46க்கு 9 மி.லி., 40க்கு 15 மி.லி. தண்ணீர். டீஸ்பூன் 5 மி.லி. என்பதால் ஒன்று, இரண்டு, மூன்று ஸ்பூன் என்று நினைவில் வைத்தால் போதும். ஒரே மூச்சில் ஊற்றாமல் அரை ஸ்பூனாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் முகருங்கள். சேர்த்த தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது. 40இல் அடைத்த சரக்குக்குச் சில துளி போதும், அதற்கு மேல் நீர்த்துப்போகும். குளோரின் வாடையடிக்கும் குழாய்த் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் வேண்டாம். தாதுக்கள் குறைந்த பாட்டில் தண்ணீர், அறைச் சூட்டில்.

ஐஸ் நாக்கை மரக்கவைக்கும், வாசனையை அடக்கும். புழுக்கத்தில் ஒரு மடக்கு சுகமாக இருக்கும் என்றால் தாராளமாகப் போடுங்கள். விலையுயர்ந்ததைத் தேர்ந்து அதில் போடாதீர்கள், அவ்வளவே.

தீக்குச்சி வாடை, சோப்பு வாடை வருகிறதே, கெட்டுவிட்டதா?

உரசிய தீக்குச்சி, வெந்த முட்டைக்கோஸ் வாடை கந்தகம். ஒயின் பீப்பாயைப் பூசணம் பிடிக்காமல் காக்கக் கந்தகம் எரிப்பது வழக்கம். ஷெர்ரி பீப்பாய்ச் சரக்கில் சில நேரம் அதன் மிச்சம் தெரியும். வடிப்பில் செம்பின் தொடர்பு குறைந்தாலும் வரும். குவளையில் அரைமணி விட்டால் பெரும்பாலும் அடங்கும். சிலருக்கு இந்த வாடை தெரியவே தெரியாது, சிலருக்கு ஒரு துளியே தாங்காது.

ஈர அட்டை, பாழடைந்த அடித்தள வாடை என்றால் கார்க் பழுது. அது விட்டாலும் போகாது. கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். வாசனையே இல்லாமல் சப்பென்று இருந்தால் பாட்டில் வெகுநாள் முக்கால் காலியாகக் கிடந்திருக்கும்.

திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும்?

திறக்காத பாட்டில் பல பத்தாண்டு அப்படியே இருக்கும். பீப்பாயை விட்டு வந்தபின் விஸ்கிக்கு வயது ஏறாது. 12 வருடச் சரக்கை 20 வருடம் அலமாரியில் வைத்தாலும் அது 12 வருடச் சரக்குதான்.

திறந்தபின் எதிரி காற்று. பாதிக்கு மேல் இருக்கும்வரை ஒரு வருடம் தாராளம். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கினால் ஒன்றிரண்டு மாதத்தில் முடியுங்கள், இல்லாவிட்டால் சின்னப் புட்டிக்கு விளிம்புவரை மாற்றிவிடுங்கள். முதலில் மங்குவது புகையும் மலர் வாசனையும். வெயில் படும் இடத்தில் நிறமும் வெளிறும். பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள். ஒயின் போலப் படுக்கவைத்தால் ஆல்கஹால் கார்க்கைத் தின்றுவிடும். ஈயப் படிகக் குடுவையில் மாதக்கணக்கில் ஊற்றி வைக்க வேண்டாம், ஈயம் சரக்கில் இறங்கும்.

பழைய பாட்டிலைத் திறக்குமுன் சில வினாடி கவிழ்த்து கார்க்கை நனையுங்கள். அப்படியும் உடைந்தால் மிச்சத்தைத் திருகாணியால் எடுத்துவிட்டு, காபி வடிதாளில் வடித்து, வேறு பாட்டிலின் கார்க்கைப் போட்டுக்கொள்ளலாம். காலியான பாட்டில்களின் கார்க்கை எறியாமல் வைத்திருப்பவர்கள் இதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

வடிசாலை ஒன்று, லேபிளில் வேறொரு நிறுவனத்தின் பெயர். போலியா?

இல்லை, தனி பாட்டிலர்கள். வடிசாலைகளிடம் சரக்கையோ பீப்பாயையோ வாங்கித் தங்கள் பெயரில் அடைப்பவர்கள். கேடன்ஹெட் 1842 முதல், எல்ஜின் ஊரின் கார்டன் அண்ட் மெக்பெயில் 1895 முதல், சிக்னட்டரி 1988 முதல் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். தன் பெயரில் அதிகம் விற்காத வடிசாலைகளின் குணத்தை அறிய இவர்கள்தான் வழி. பெரும்பாலும் 46 சதவீதம் அல்லது காஸ்க் ஸ்ட்ரெங்த், நிறம் சேர்க்காதவை. ஆனால் ஒவ்வொரு பீப்பாயும் ஒவ்வொரு மாதிரி. போன வருடம் பிடித்தது என்று இந்த வருடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது.

ஏலத்தில் வாங்கலாமா? முதலீடாகுமா?

2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் 1926ஆம் ஆண்டின் மெக்காலன் ஒரு பாட்டில் 21 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அலமாரியில் உள்ளதையெல்லாம் தங்கம் என்று நினைக்க வேண்டாம். ஏலத்தில் அடிப்பது விலையில் முடிவதில்லை. வாங்குபவர் தரகு, அதன் மேல் வரி, அனுப்பும் செலவு எல்லாம் சேரும். கையைத் தூக்குமுன் இறுதித் தொகையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

போலி நிறைய. 2017இல் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் மோரிட்ஸ் ஹோட்டல் ஒன்றில், 1878ஆம் ஆண்டு மெக்காலன் என்ற பாட்டிலிலிருந்து ஒரு பெக் சுமார் 10,000 ஃபிராங்குக்கு விற்றது. சந்தேகம் கிளம்பி, கதிரியக்கக் கார்பன் சோதனைக்கு அனுப்பினார்கள். உள்ளே இருந்தது 1970களின் தொடக்கத்தில் உருவான பிளெண்டட் சரக்கு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தில் 55 அரிய பாட்டில்களை இதே முறையில் சோதித்தபோது 21 போலி என்று தெரிந்தது.

வீட்டில் கதிரியக்கச் சோதனை முடியாது. ஆனால் கண்ணால் பார்க்கச் சில உண்டு. அடைத்து 40 வருடமான பாட்டிலில் கழுத்துவரை சரக்கு நிறைந்திருந்தால் சந்தேகப்படுங்கள், கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும். பிரிட்டன் சந்தைக்கு 1980களில் வந்தது என்று சொல்லும் பாட்டிலில் 70 செ.லி. என்று அச்சாகியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை. அப்போது 75 புழக்கத்தில் இருந்தது, 70 நிலைத்தது 1990களில். பழைய அரிய சரக்கின் காலி பாட்டிலுக்குத் தனிச் சந்தை இருப்பதன் காரணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலியானதும் லேபிளைக் கீறிவிடுங்கள்.

முழுப் பீப்பாயை வாங்கி லாபம் பார்க்கச் சொல்லும் விளம்பரங்களிடம் இன்னும் கவனம் தேவை. அழகாக அச்சிட்ட உரிமைச் சான்றிதழ் போதாது. கிடங்குக்காரர் தன் கணக்கில் பீப்பாயை உங்கள் பெயருக்கு மாற்ற உதவும் 'டெலிவரி ஆர்டர்' வேண்டும். பீப்பாய் எண், கிடங்கின் பெயர், சமீபத்தில் அளந்த லிட்டரும் சதவீதமும் கேளுங்கள். 40க்குக் கீழே இறங்கிய பீப்பாயை ஸ்காட்ச் என்றே விற்க முடியாது.

எவ்வளவு குடிக்கலாம்?

பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016இல் சொன்னது: வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம், அதையும் மூன்று நாளுக்குக் குறையாமல் பரப்பிக் குடியுங்கள். ஒரு யூனிட் 10 மி.லி. தூய ஆல்கஹால், 40 சதவீத விஸ்கியில் 25 மி.லி. ஆக வாரம் முழுதுக்கும் சேர்த்து அரை பாட்டில். 58 சதவீதச் சரக்கு என்றால் சுமார் 240 மி.லி.தான். காஸ்க் ஸ்ட்ரெங்த் குடிப்பவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள். ஊற்றுவதைக் கண்மதிப்பில் விடாமல் ஒரு அளவுக் கிண்ணம் வைத்துக்கொண்டால், நாம் 'சின்ன பெக்' என்று நினைத்திருந்தது 50 மி.லி. என்று தெரியவரும். வண்டி ஓட்டும் நாளில் ருசிபார்ப்பும் வேண்டாம். கர்ப்பிணிகளும், ஆல்கஹாலோடு ஒத்துப்போகாத மருந்து சாப்பிடுபவர்களும் தொடவே கூடாது.

பெயர்களை எப்படி உச்சரிப்பது?

கேலிக் எழுத்துக்கூட்டலைப் பார்த்து வாசித்தால் நிச்சயம் தப்பாகும். தமிழில் ஒலியை நேரே எழுதிவிடலாம் என்பது நமக்கு ஒரு வசதி. தீவின் பெயர் ஐலா. 'ஐலே', 'இஸ்லே' இல்லை. ப்ரூக்லாடியில் கடைசி எழுத்துகள் ஒலிக்காது. க்ளென் கேரியாக் என்று எழுத்தில் தெரிவது, சொல்லும்போது க்ளென் கீரி. குல் ஈலா, லஃப்ராய்க், புன்னஹாவன், லகவூலின். க்ளென்மோரஞ்சியில் அழுத்தம் 'ர'வில் இல்லை, 'மோ'வில். ஆங்கிலத்தில் ஆரஞ்சு என்று சொல்வது போலவே சொல்லுங்கள்.